ஹியூ பால்கனரும் பேராமையின் ஓடும்

ஆமை என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் அடக்கம் என்னும் குணமே தோன்றும். திருவள்ளுவர் ஐம்பொறி அடக்கத்திற்கு ஆமையை உவமை கூறினார். கீதையிலும் அவ்வுவமையே ஆளப்பட்டிருக்கின்றது. ஆயினும், தலையையும் நாற்கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளுதற்கு அப்பிராணிக்கு வாய்த்த அவ்வோடு யாது, எதனால் ஆகியது, எவ்வாறு தோன்றியது என்று வினவியவர் நம்முள் மிகச் சிலரே. அவ்வினாக்களுள் சிலவற்றைத் தம் வினாவாகக் கொண்டு, தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளை இந்நாட்டிற் கழித்த அறிஞர் ஒருவர் உளர். அவரே ஹியூ பால்கனர் என்னும் ஸ்காத்லாந்து தேசத்து வைத்தியர். அவருடைய சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தர்மபுரி நாட்டில் இருப்போர்க்கு ஆமை புதிய பொருளன்று. கிராமத்துக் குளங்களிற் காராமை உண்டு. வறண்ட புதர்க் காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையையும் பலர் அறிவர். பெண்ணாகரம் வழியாக ஒகேனக்கல் சென்று காவிரியிற் பரிசல் ஏறும் நாமோ, அந்நீரின் ஆழத்தில் வேறொரு வகை ஆமை வாழ்கின்றது என்பதைப் பெரும்பாலும் அறியாமலே திரும்பி வருகின்றோம். அது மென்னோட்டாமை. அதன் முதுகில் கொம்புத் தகடுகள் இல்லை. வழவழப்பான தோல் போர்த்திருக்கும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜான் எட்வர்ட் கிரே என்பவர் 1872-ஆம் ஆண்டில் அதனைத் தனி இனமென எழுதி, பம்பாயில் வைத்தியராயிருந்த லீத் என்பவரின் பெயரை அதற்கு இட்டார். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமாக அறிவித்தபொழுது, அங்ஙனம் காக்கப்பட வேண்டிய உயிர்களுள் இம்மென்னோட்டாமையும் ஒன்றாக எண்ணப்பட்டது.

பால்கனரின் தொழிலை அறிய வேண்டுமாயின், ஓட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஆமையின் ஓடு நத்தையின் கூடு போன்றதன்று. நத்தை தன் கூட்டைத் தன் உடம்பின் புறத்தே சுரந்து கட்டுகின்றது. ஆமையின் ஓடோ அதன் எலும்புக் கூட்டின் ஒரு பகுதியே. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து தகடுகளாகி ஒன்றோடொன்று பொருந்தி மேலோடு ஆகின்றன. வயிற்றின் புறத்தே வேறு சில தகடுகள் கூடிக் கீழோடு ஆகின்றன. மற்றைப் பிராணிகளுக்கெல்லாம் தோளெலும்பு விலாக்கூட்டின் வெளியே இருக்க, ஆமைக்கு மட்டும் அது விலாக்கூட்டின் உள்ளே இருக்கின்றது. ஆமை தன் ஓட்டை விட்டு வெளியேறும் என்று சிறுவர்க்குச் சொல்லும் கதைகள் யாவும் இதனாற் பொய்யாகும். தன் முதுகெலும்பை விட்டு எவ்வுயிரும் வெளியேறுதல் இல்லை.

இவ்வெலும்புத் தகடுகளின்மேல், நம் நகம் எப்பொருளால் ஆயதோ அத்தகைய பொருளால் ஆகிய கொம்புத் தகடுகள் பரவியிருக்கும். வியப்பு யாதெனின், மேலுள்ள கொம்புத் தகடுகளின் விளிம்புகளும் கீழுள்ள எலும்புத் தகடுகளின் பொருத்துக்களும் ஒன்றன்மேல் ஒன்று வாராமல் விலகியே செல்லும். சுவர் எடுக்கும் கொத்தனார் கீழ்வரிசைச் செங்கல்லின் மூட்டுக்கு நேரே மேல்வரிசை மூட்டு வாராதபடி கட்டுதலை யாவரும் கண்டிருப்போம். அவ்வுபாயமே இங்கும் காணப்படுகின்றது. ஆமை இறந்தபின் கொம்புத் தகடுகள் அழிந்துபோம். எனினும் அவற்றின் விளிம்புகள் எலும்பின்மேற் பதித்த வரிப்பள்ளங்கள் அழியா. ஆதலின் மண்ணுட் புதைந்து கல்லாகிப்போன ஓட்டின் ஒரு கையகலத் துண்டு கிடைப்பினும், பயின்ற கண்ணுடையார் அதில் எலும்பின் பொருத்தையும் கொம்பின் வரியையும் ஒருங்கே படித்து, அது எவ்வகை ஆமைக்கு உரியது என்று கூறுதல் கூடும். பால்கனர் பயின்ற கண்ணுடையார்.

அவர் 1808-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 29-ஆம் நாள் ஸ்காத்லாந்தின் வடபாலுள்ள பாரஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். நான்காண்டுக்கு ஒருமுறையே பிறந்தநாள் வாய்த்தவர் என்று நண்பர்கள் நகையாடியிருத்தல் கூடும். அபர்தீனிற் கலைகள் பயின்று 1826-இல் பட்டமும், எடின்பரோவில் வைத்தியம் பயின்று 1829-இல் பட்டமும் பெற்றார். அக்காலத்து வைத்தியக் கல்வியிற் செடிகொடிகளின் அறிவும் எலும்புகளின் அறிவும் அடங்கியிருந்தன. இவருக்கோ நோயாளிகளைக் காட்டிலும் அவ்விரண்டின்மீதே பற்று மிகுதியாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் உதவி வைத்தியராக 1830-இல் கல்கத்தா வந்திறங்கினார். வந்த சில நாட்களிலேயே, பர்மாவின் ஐராவதி நதிக்கரையினின்று கொணரப்பெற்று ஏசியாட்டிக் சங்கத்தில் வைக்கப்பட்டிருந்த கல்லெலும்புகளை ஆராயத் தொடங்கினார்.

1832-இல் அவருக்கு ஒரு நல்வாய்ப்பு நேர்ந்தது. இமயத்தின் அடிவாரத்துக்கு அணித்தான சகாரன்பூரில் கம்பெனியார் வைத்திருந்த தாவரத் தோட்டத்திற்கு அவர் தலைவரானார். வயதோ 24. அத்தோட்டத்திற்கு வடக்கே சிவாலிக் என்னும் சிறு மலைத்தொடர் உளது. இமயத்தினின்று ஆறுகள் அரித்துக் கொணர்ந்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்து, பின் மேலே உந்தப்பட்டு எழுந்த குன்றுகள் அவை. அவற்றின் அடுக்குக்களை நோக்கி, ஐரோப்பாவில் பாலூட்டிகளின் எலும்புகள் கிடைக்கும் அடுக்குக்களை இவை ஒக்கும் என்றும், ஆதலின் இங்கும் அவை கிடைத்தல் வேண்டும் என்றும் பால்கனர் அனுமானித்தார். பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டியபொழுது இராட்சத எலும்புகள் அகப்பட்டன எனப் பெரிஷ்டா என்னும் பாரசீகச் சரித்திரக்காரர் எழுதிவைத்த செய்தியும் ஆராய்ச்சியாளரின் ஆவலைத் தூண்டியது.

அனுமானம் பொய்க்கவில்லை. யமுனைக் கால்வாய் வேலையில் இருந்த எஞ்சினீயர் பிராபி காட்லி என்பாரும், அவர்தம் துணைவர்களான பேக்கர், டுராண்டு என்பாரும் பால்கனரோடு கூடித் தேடலாயினர். முதன்முதல் வெளிப்பட்டவற்றுள் ஆமை ஓட்டின் துண்டுகளும் முதலையின் எலும்புகளும் இருந்தன. அதன்பின் யானை, நீர்யானை, குதிரை, ஒட்டகம், குரங்கு என வந்த எலும்புகளுக்குக் கணக்கில்லை. யானையளவு பருமனும் கிளைத்த கொம்புகளும் உடைய ஒட்டகச்சிவிங்கி இனத்து விலங்கு ஒன்றும் வெளிப்பட்டது. சிவபெருமான் பெயராலாகிய அம்மலையின் நினைவாக அதற்குச் சிவதேரியம் எனப் பெயரிட்டனர். இலண்டன் பூதத்துவ சங்கத்தார் 1837-இல் தங்கள் உயர்ந்த விருதான உல்லாஸ்டன் பதக்கத்தைப் பால்கனருக்கும் காட்லிக்கும் பொதுவாக அளித்தனர்.

இங்கு நம் மாணவர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. அவ்விருவரிடமும் ஒப்புநோக்குதற்கு மியூசியம் இல்லை; நூல்களும் மிகக் குறைவு. கல்லாய்ப்போன ஓர் எலும்பு எவ்விலங்கினுடையது என்று அறிய வேண்டின், உயிருள்ள விலங்கின் எலும்பு எதிரே இருத்தல் வேண்டும். அவர்கள் காட்டிலும் ஆற்றிலும் வாழ்ந்த புலி, எருமை, மான், முதலை, ஆமை ஆகியவற்றைத் தாமே சேகரித்து, தசை நீக்கி, எலும்புக்கூடுகளைச் செய்து தங்கள் மியூசியத்தைத் தாங்களே படைத்துக்கொண்டனர். கருவிகள் இல்லை என்று ஆராய்ச்சியைக் கைவிடுவார் நம்மில் உளர்.

ஆமைகளைப் பற்றிய அவர்தம் ஆராய்ச்சியில் இருவேறு முடிவுகள் தோன்றின. ஒன்று மிகச் சிறிய ஆமையைப் பற்றியது. மற்றொன்று மிகப் பெரிய ஆமையைப் பற்றியது. உலகம் பெரியதையே பேசிற்று. எம் கருத்தில் சிறியதே சிறந்தது.

கங்கையிலும் யமுனையிலும் கூரையின் முகடுபோல் முதுகு எடுத்த சிற்றாமை ஒன்று இன்றும் வாழ்கின்றது. சிவாலிக் மலையிற் கிடைத்த ஓடு ஒன்றை அதனோடு தகட்டுக்குத் தகடு, பொருத்துக்குப் பொருத்து, வரிக்கு வரி ஒப்பிட்ட பால்கனரும் காட்லியும் யாதொரு வேற்றுமையும் காணவில்லை. இதனால் என்னை எனின், அக்காலத்தில் பிரெஞ்சு மகாபண்டிதர் கூவியேயின் கொள்கை பலரால் ஏற்கப்பட்டிருந்தது. அவ்வப்பொழுது நேர்ந்த பேரழிவுகளால் ஒரு யுகத்து உயிர்கள் மாண்டன என்றும், அவற்றின் இடத்தில் வேறு உயிர்கள் வந்தன என்றும் பலர் நம்பினர். சிவதேரியமும் பழைய யானைகளும் மாண்டன. அவற்றின் காலடியிற் சேற்றிற் கிடந்த சிற்றாமையோ மாளாமல் இன்றளவும் வழிவழி வந்திருக்கின்றது. அங்ஙனமாயின் எல்லாவற்றையும் ஒருங்கே துடைத்த பேரழிவு எங்கே? ஓர் ஓட்டின் வரிகளைப் பொறுமையோடு எண்ணியதால் எழுந்த கேள்வி இது.

இனிப் பேராமையைக் கூறுவோம். சிவாலிக் அடுக்குக்களில் ஆமை ஓட்டின் துண்டுகளும் கால் எலும்புகளும் அகப்பட்டன. அவற்றின் பருமன் கண்டாரை மருட்டியது. கீழோட்டின் முன்முனைத் தகடு ஒன்று ஏறத்தாழ அரையடி கனம் உடையதாயிருந்தது. முழு ஓடு ஒன்றேனும் கிடைக்கவில்லை. கிடைத்த துண்டுகளை, இந்து சமுத்திரத் தீவுகளில் வாழும் பெரிய நிலவாமையின் உறுப்புக்களோடு விகிதம் பார்த்துக் கணக்கிட்டு, மேலோடு மட்டும் 12 அடிக்குக் குறையாதென்றும், தலை முதல் வால் ஈறாக 18 அடி இருந்திருக்கும் என்றும் பால்கனர் முடிவு செய்தார். கிரேக்கப் புராணத்தில் வானத்தைச் சுமக்கும் அட்லாஸின் பெயரைச் சேர்த்து அதற்குக் கொலோசகெலிஸ் அட்லாஸ் என்று நாமகரணம் செய்து, 1844-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் பிராணி சங்கத்தில் அதனை வெளியிட்டார். பிரிட்டிஷ் மியூசியத்தில் அதன் ஓட்டின் உருவமும் அமைத்து வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர் அதன் எதிரே சிறுபிள்ளைகள் போல் நின்றனர்.

அவ்வளவோடு அவர் நிற்கவில்லை. இந்நாட்டில் பதினோராண்டுக்கு மேல் வாழ்ந்தவராதலின், திருமால் கூர்மமாகி மந்தர மலையைத் தாங்கிய கதையையும், கருடன் யானையையும் ஆமையையும் ஒருங்கே தூக்கிச் சென்ற கதையையும் அவர் அறிந்திருந்தார். யானையோடு போர் புரியும் ஆமை என்பது குளத்து ஆமையைக் கண்டு பிறந்த கதையாகுமோ? யானைக்கு ஒப்பாகச் சொல்லத்தக்க பேராமையை ஆதிமக்கள் கண்டிருத்தல் கூடாதோ? அங்ஙனம் கண்ட நினைவே புராணமாயிற்றோ? இவ்வாறு அவர் பண்டிதர் சபையில் வினவினார். மற்றையோர் நம் கதைகளை மூடக் கதைகள் என்று தள்ளிய காலத்தில், அவற்றை ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர் இவர். எனினும் அச்சாட்சியத்தை யாம் ஏற்கத் துணியோம். கவிகளின் கற்பனைக்கு எலும்பு வேண்டுவதில்லை. சிறு ஆமையையே மலை தாங்கச் செய்யவும் அவர்கள் வல்லர். ஆயினும் அப்பேராமையின் பேரினத்து எச்சங்கள் பிற்காலத்தில் பர்மாவிலும் சாவகத்திலும் திமோரிலும் வெளிப்பட்டன என்பதும், ஆதிமனிதர் பரவியதே அவற்றின் மறைவுக்குக் காரணமாகலாம் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர் என்பதும் குறிக்கத்தக்கன.

இவற்றுக்கிடையே அவர் தாவரத் தொழிலையும் விடவில்லை. இமயச் சரிவுகளில் தேயிலை விளையும் என்று அரசாங்கத்தார்க்கு அறிவித்து, அதனைப் பயிரிடவும் செய்தார். 1837-இல் காஷ்மீரம் சென்று, அப்பாலுள்ள பனியாறுகளையும் கண்டு, பெருங்காயச் செடியையும் ஆராய்ந்தார். உழைப்பினால் உடல் நலிந்து 1842-இல் தாயகம் திரும்பியபொழுது அவர் கொண்டுசென்றவை உலர்ந்த செடிகள் 70 பெட்டிகள், கல்லெலும்புகள் 48 பெட்டிகள். எலும்புகளின் நிறை மட்டும் 5 டன் என்பர். செடிகளிற் பல, கம்பெனி மாளிகையின் ஈரம் கசியும் அறைகளிற் கிடந்து நெடுங்காலம் பிரிக்கப்படாமலே கெட்டன. பத்தாண்டு மலைமலையாய் ஏறித் தொகுத்த பொருள் பூஞ்சைக்கு இரையாயிற்று என்னும்போது நெஞ்சு பொறுக்கின்றிலது. எலும்புகள் தப்பின.

அவ்வெலும்புகளை விளக்கி ஒரு பெருநூல் செய்யத் தொடங்கினார். சித்திரத் தாள்கள் நூற்றுக்கு மேல் வெளிவந்தன. ஆமைகளுக்கும் அவற்றில் இடம் இருந்தது. ஆனால் உரை முற்றுப்பெறவில்லை. 1848-இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைமையும் அங்குள்ள வைத்தியக் கல்லூரியில் ஆசிரியப் பதவியும் ஏற்று அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்துவிட்டமையால் நூல் நின்றது. அவர்மேற் குற்றம் கூற வேண்டுமாயின் இதனைக் கூறலாம்: அறிந்தது மலையளவு, எழுதியது அதனிற் சிறிது. ஐயம் ஒன்று எஞ்சியிருக்கும்வரை பேனாவை எடாத இயல்பினர் அவர். பேராமையின் அளவைக் கூறியபொழுது மட்டும் அவ்வியல்பு சற்றே நெகிழ்ந்தது போலும்!

1855-இல் ஓய்வு பெற்றுத் திரும்பிய பின்னர், மனிதகுலத்தின் பழமை பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். 1858-இல் இங்கிலாந்தின் பிரிக்ஸம் குகையை அகழ்வித்ததிலும், பிரான்சில் பூசே தெ பெர்த் என்பவர் திரட்டியிருந்த கற்கருவிகளைக் கண்டு, அவற்றைப் பிறரும் சென்று பார்க்கும்படி தூண்டியதிலும் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. மாண்டுபோன விலங்குகளோடு மனிதர் ஒருங்கு வாழ்ந்தனர் என்னும் உண்மை இதனால் நிலைபெற்றது. ஆமையைக் குறித்து அவர் முன்பு கேட்ட கேள்வியின் தொடர்ச்சியே இது என்று யாம் எண்ணுகின்றோம்.

சார்லஸ் டார்வினும் இவரும் நண்பர்கள். இவர் சிவாலிக் மலையில் ஓடுகளைத் தோண்டிய ஆண்டுகளிலேயே, 1835-இல், டார்வின் காலபகோஸ் தீவுகளில் உயிருள்ள பேராமைகளைக் கண்டார். தீவுக்குத் தீவு அவற்றின் ஓடு வேறுபடும் என்று அங்கிருந்தோர் அவருக்குக் கூறினர். உயிரினங்கள் மாறுகின்றன என்பதைப் பால்கனர் பின்னர் ஒருவாறு ஒப்பினார். ஆனால் அம்மாற்றத்திற்கு டார்வின் கூறிய காரணம் போதுமென்பதை ஒப்பவில்லை. பழைய யானைகளின் பற்கள் நெடுங்காலம் மாறாதிருந்தமையைக் காட்டி நேரிலும் கடிதத்திலும் வாதாடினார். எனினும் 1864-இல் அரச சங்கத்தின் காப்லி பதக்கத்தை டார்வினுக்கு அளிக்க வேண்டுமா என்ற பூசல் எழுந்தபொழுது, அதனை முன்னின்று ஆதரித்தவர்களுள் இவரும் ஒருவர். தாம் முழுதும் உடன்படாத கொள்கையை உடையார்க்கு, அவர் உழைப்பின் தகுதி நோக்கிப் பரிசளிக்க வேண்டுமென வாதாடுதல் எளிதன்று. அவ்வேளையில் அவர் ஜிப்ரால்டர்க் குகைகளை ஆராயச் சென்றிருந்தார். அப்பயணத்தினின்று திரும்பியவர் காய்ச்சலுற்று, 1865-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ஆம் நாள் இலண்டனிற் காலமானார். வயது 56. அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைச் சார்லஸ் மர்ச்சிசன் என்னும் வைத்திய நண்பர் தொகுத்து 1868-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இல்லையேல் அவர் அறிவிற் பெரும்பகுதி அவரோடே மறைந்திருக்கும்.

பேராமையின் அளவு என்னாயிற்று? இந்தியப் பூதத்துவ இலாகாவில் இருந்த ரிச்சர்டு லிடேக்கர் பின்னர் அவ்வெலும்புகளை மறுபடியும் அளந்து, பால்கனர் அமைத்த உருவம் மிகப் பெரிதென்று காட்டினார். ஓரினத்தின் உறுப்பு விகிதத்தை மற்றோரினத்திற்கு அப்படியே இடுதல் வழுவுதற்கு இடமாகும். ஒருவகை ஆமைக்குக் கீழோட்டின் முன்முனை நீண்டிருக்கும், மற்றொன்றுக்குக் குறுகியிருக்கும். இக்காலத்துக் கணக்கின்படி அதன் ஓடு ஆறு ஏழு அடி நீளமே. குறைந்தும் அது மிகப் பெரிய நிலவாமைகளுள் ஒன்றாகவே நிற்கின்றது. பெயரும் மாறியது, 1837-இல் அவ்விருவருமே முதலில் இட்டிருந்த மெகலோகெலிஸ் என்னும் பேரினப் பெயரே இன்று வழங்குகின்றது.

ஓடு எவ்வாறு தோன்றியது என்னும் வினா பால்கனரின் காலத்திலேயே கடும் வழக்காக இருந்தது. அது விரிந்த விலா எலும்பே என்றனர் ஒருசாரார். தோலில் உண்டான எலும்பு விலாவோடு ஒட்டிக்கொண்டது என்றனர் மற்றொருசாரார். ரிச்சர்டு ஓவன் 1849-இல் இதனை விரித்து எழுதினார். அவ்வழக்குத் தீர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. சீனத்தில் அகப்பட்டு 2008-இல் வெளியிடப்பட்ட 22 கோடி ஆண்டு முந்திய ஆமைக்குக் கீழோடு முழுதும் இருந்தது. மேலோடு இல்லை, விலாக்கள் மட்டும் அகன்றிருந்தன. 2013-இல் ஜப்பானிய அறிஞர் முட்டைக் கருவின் வளர்ச்சியை நோக்கி, மேலோட்டின் பெரும்பகுதி விலாவும் முதுகெலும்புமே என்று காட்டினர். 2016-இலோ, தென்னாப்பிரிக்காவிற் கிடைத்த அகன்ற விலாவுடைய பழம் பிராணி ஒன்றைக் கொண்டு, அவ்விலாக்கள் முதலில் அகன்றது தற்காப்புக்கன்று, மண்ணைத் தோண்டும்போது உடலை உறுதியாக நிறுத்துதற்கே என்னும் கருத்தும் வெளிவந்தது.

பால்கனர் பிறந்த பாரஸ் நகரில் அவருடைய பெயரால் ஒரு மியூசியம் 1871-இல் திறக்கப்பட்டது. அவரும் காட்லியும் திரட்டிய சிவாலிக் ஓடுகளும் எலும்புகளும் இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிச்சாலையில் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிடப்பட்ட கூரைமுதுகுச் சிற்றாமையின் வழித்தோன்றல்கள் யமுனைக் கரையில் இன்றும் வெயில் காய்கின்றன.